எத்தனை புள்ளி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், வடிவம் ஒன்றாகவும் பொருள் பலவாகவும் இருக்கும் ஆங்கிலச் சொற்களின் பட்டியல் வெளியாகியிருந்தது. சொற்களின் தேர்வில் எனக்குக் குறையில்லை. ஆனால் ‘பேச்சில் இவற்றைக் குரலின் ஏற்ற இறக்கத்தால் பிரித்தறியலாம்’ என்று அதன் அடியில் இருந்த ஒற்றை வரியைப் பற்றி, காரைக்குடி வட்டாரத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன். அந்த வரி பாதிதான் உண்மை. அந்தப் பாதியும் எந்தச் சொல்லுக்குப் பொருந்தும் என்று சொல்லப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் நகரத்தார் கோயில் கூட்டத்தில் ‘எத்தனை புள்ளி?’ என்று கேட்டால், அது வரி செலுத்தும் மணமான குடும்பங்களின் கணக்கு. அதே கேள்வியை மார்கழி விடியலில் வாசலில் நின்று ஆச்சி கேட்டால், அது கோலத்தின் கணக்கு. இரண்டு இடத்திலும் யாரும் குரலை மாற்றுவதில்லை, கேட்பவரும் தடுமாறுவதில்லை. பல பொருள் ஒரு சொல் ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ தெளிவாகும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறுவது இதைத்தான். வினை, இனம், சார்பு என்ற இந்த மூன்று சொற்களையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டே நான் ஆங்கில வகுப்பை நடத்தி வந்தேன்.

‘பேட்’ என்பதை எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும் தாழ்த்திச் சொன்னாலும் அது வௌவாலா, மட்டையா என்பது விளங்காது. பறந்தது என்ற வினை வந்தால் வௌவால். அதைக் கொண்டு பந்தை அடித்தான் என்றால் மட்டை. செம்பு, துத்தநாகம் என்று தன் இனமான உலோகங்களின் வரிசையில் நிற்கும்போது ‘லெட்’ என்று படிக்க வேண்டிய ஈயம், வேறிடத்தில் ‘லீட்’ என்று வழிநடத்துவதாகிறது. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் எங்கள் ஊரிலேயே பேட்டரிக் கடைப் பலகையை ‘லீட் ஆசிட்’ என்று படிப்பவர்கள் உண்டு. கல்லூரிக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் படித்தேன்.

சார்புக்கு நாங்கள் வெளியூர் போய் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, கடனைப் பற்றிய பேச்சில் ‘இன்ட்ரஸ்ட்’ வட்டி என்பதும், படிப்பைப் பற்றிய பேச்சில் அது ஆர்வம் என்பதும் சொல்லாமலே தெரியும். ‘பிரின்சிபல்’ கல்லூரியில் முதல்வர், கணக்கேட்டில் முதல். தமிழிலும் இரண்டுக்கும் வேர் ஒன்றாக அமைந்திருப்பதைச் சொன்னால் மாணவர்கள் அதை மறப்பதேயில்லை.

குரல் உதவும் இடங்கள் வேறு. ‘ரெக்கார்ட்’ என்று முதல் அசையை அழுத்திச் சொன்னால் ஆவணம். அதே எழுத்தை ‘ரிக்கார்ட்’ என்று இரண்டாம் அசையில் அழுத்தினால் பதிவு செய்தல். தமிழில் அசையழுத்தம் சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. படத்தையும் பாடத்தையும் குறில் நெடிலால் பிரித்தே வளர்ந்த நம் காது, ஓர் அசை சற்று ஓங்கி ஒலிப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறது. கானாடுகாத்தானில் விருந்தினர் விடுதியாக மாறிய ஒரு வீட்டில், பரிமாறிய இளைஞர் ஒருவர் வெளிநாட்டு விருந்தினரிடம் எங்கள் ஊர் ‘டெஸர்ட்’ வருகிறது என்று முதல் அசையை அழுத்திச் சொல்லக் கேட்டேன். அப்படி அழுத்தினால் அது பாலைவனம். உணவுக்குப் பின் வரும் இனிப்புக்கு அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். விருந்தினர் ஒரு கணம் விழித்தார்; கவுனி அரிசி இனிப்பு வந்து சேர்ந்ததும் சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்தார். அங்கே சார்பு காப்பாற்றியது.

எப்போதும் அது காப்பாற்றாது. ‘இங்கிலீஷ் டீச்சர்’ என்பதில் முதற்சொல்லை அழுத்தினால் ஆங்கிலம் கற்பிப்பவர். இரண்டாம் சொல்லில் அழுத்தம் விழுந்தால் இங்கிலாந்துக்காரரான ஆசிரியர். அழுத்தம் இடம் மாறினால் என்னுடைய தேசமே மாறிவிடும்.

குரலின் ஏற்ற இறக்கம் என்று சரியாகச் சொல்லத்தக்கது இவை எதிலும் இல்லை. அது அகராதிப் பொருளைத் தொடுவதில்லை, சொல்பவரின் எண்ணத்தைத்தான் காட்டுகிறது; ஆச்சி சொல்லும் ‘அப்படியா’ ஒரு முறை வியப்பாகவும் மறுமுறை நம்பாமையாகவும் இருப்பதைப் போல. என்னிடம் படித்த ஒருவன் தொலைபேசி வழி நேர்காணலில், எதிர்முனையில் ‘சாரி?’ என்ற குரல் கேட்டதும் தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்று எண்ணி இணைப்பைத் துண்டித்துவிட்டான். இறுதியில் ஏறிய அந்தக் குரல், மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறது. தாழ்ந்து முடிந்திருந்தால்தான் அது வருத்தம். (கண்டாங்கிச் சேலையும் நம் வாயில் அதே ‘சாரி’தான் என்பது தனிக் கதை.) சொற்பட்டியலை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவன் அவன்.

ஆகவே, மாணவர் பக்கத்தில் இனி வரும் பட்டியல்களில் ஒவ்வொரு சொல்லையும் பொருள் வேறுபடும் இரண்டு முழு வாக்கியங்களில் வைத்து அச்சிட வேண்டும் என்றும், அழுத்தத்தால் வேறுபடும் சொற்களைத் தனியே பிரித்து, அழுத்த வேண்டிய அசையைத் தடித்த எழுத்தில் காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதென்றால் சொற்களைக் குறைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு நான்கு சொற்கள் வந்தால் போதும். வகுப்பில் அவற்றை உரக்கப் படித்துக் காட்டும் வேலையை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
காரைக்குடி