வெளியார் உதவி கூடாதாம்: கோவா போய் வந்தவர்களின் நன்றி மடல்

அன்புடையீர்,

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ட்ரையத்லான் பந்தயத்தின் விதிகளில் ஒன்று: பந்தயம் தொடங்கிய பிறகு போட்டியாளர் வெளியார் உதவி பெறக் கூடாது. வீட்டார் ஒரு வாழைப்பழம் நீட்டினாலும் குற்றம், நண்பர் கூடவே ஓடிவந்து வேகம் பிடித்துக் கொடுத்தாலும் குற்றம். உதவி மையங்களில் தருவதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கடலில் 1.9 கி.மீ. நீச்சல், சைக்கிளில் 90 கி.மீ., அதன்மேல் 21.1 கி.மீ. ஓட்டம், எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள். அயர்ன்மேன் 70.3 என்பது இதுதான், 70.3 என்பது மொத்தத் தூரம், மைல் கணக்கில். 2019 முதல் கோவாவில் மிராமர் கடற்கரையை மையமாக வைத்து நடக்கிறது. அதற்குத்தான் சென்னையிலிருந்து நாங்கள் ஆறு பேர் போய் வந்தோம்.

தொடக்கக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அந்த விதி செல்லும். அதற்கு முந்தைய மாதங்களில் வாங்கிய உதவிக்குக் கணக்கே இல்லை. பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால், செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம்.

முதலில் சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்து மீனவ அண்ணன்மார்களுக்கு. 25 மீட்டர் குளத்தில் 1.9 கி.மீ. என்றால் 76 நீளம். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துக் கிடைக்கும் தள்ளலை நீச்சல் என்று நம்பிக்கொண்டிருப்போம். கடலில் சுவர் இல்லை, தரையில் கருப்புக் கோடும் இல்லை. இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் கரையில் சும்மா நின்று பார்க்கச் சொன்னவர்கள் நீங்கள். வரிசையாக அலை உடைகிற கரையில் ஓரிடம் மட்டும் உடையாமல் இருண்டு கிடந்தால், அது அமைதி இல்லை, தண்ணீர் கடலுக்குத் திரும்புகிற வழி. புதிதாக வருகிறவர் நேராக அங்கேதான் போய் இறங்குவார். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும்.

விடியற்காலைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையோரத் தண்ணீரைத் தட்டையாக்கி ஆசை காட்டும், ஆளை மெல்ல வெளியே தள்ளும். அதனால் முதல் பாதி நீரோட்டத்தை எதிர்த்து, களைத்த பிறகு அதனோடு சேர்ந்து என்று பாதையை வகுத்துத் தந்தீர்கள். குறி பார்க்கப் படகை நம்பாதே, அது நகரும். தண்ணீர்த் தொட்டியையோ கோபுரத்தையோ பிடி என்றீர்கள். எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை, கண் மட்டும் தண்ணீருக்கு மேல். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும், பிறகு இழுக்க வேண்டிய பாரம் கூடும். ஜெல்லி மீன், உங்கள் வாக்கில் சொறி, பட்ட இடத்தில் மணலைப் போட்டுத் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவ வேண்டும் என்பதையும் உங்களிடம்தான் கற்றோம். எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்போடு எங்கள் வேகத்துக்கு ஊர்ந்த காலைகளுக்கு நீங்கள் வாங்கிக்கொண்டது டீசல் காசு மட்டும்.

அடுத்து, சைக்கிளைப் பெட்டியில் அடைத்துக் கொடுத்த மெக்கானிக்குக்கு. விமானத்தில் போகிற சைக்கிள் பிரிந்து போய்ச் சேர்ந்து வர வேண்டும், இடையில் என்ன தப்பினாலும் பந்தயத்துக்கு முந்தைய மாலையில்தான் தெரியும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும் என்ற ஒரே வரியில் எங்கள் குழப்பத்தைத் தீர்த்தீர்கள். ஹேண்டில்பாரை எடுக்க, அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் முன்தகட்டுப் போல்ட்டுகள் போதும்; ஸ்டெம்மின் மேல்மூடியைத் தொட்டால் ஹெட்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் பேரிங், ஆடத் தொடங்கும். தொட்டுத்தான் தீர வேண்டுமென்றால் வரிசை முக்கியம்: முதலில் மேல்மூடியை இறுக்கி ஆட்டத்தைப் போக்கி, அதன் பிறகு பக்கத்துப் போல்ட்டுகள். மாற்றிச் செய்தால் மேல்மூடி எதையுமே இறுக்காது. சீட் போஸ்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி உயரத்தைக் குறித்துத் தந்தீர்கள். கார்பன் பாகங்களுக்கு 5 நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்று, அதை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சையும் இரவல் தந்தீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஹேங்கர். சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற பின் டிரெய்லரைத் தாங்கும் விரல் நீள அலுமினியத் துண்டு. அடி பட்டால் பிரேம் தப்பிக்கத் தான் வளைந்துகொள்ளும்படி மென்மையாகவே செய்திருப்பார்கள். உள்பக்கம் சற்று வளைந்திருந்தாலும், ஏற்றத்தில் பெரிய பல்லுக்கு மாற்றும்போது டிரெய்லர் ஆரக்கம்பிக்குள் போய்விடும். பந்தயம் அத்தோடு சரி. லட்ச ரூபாய் சைக்கிளைச் சாலையோரம் உட்கார வைக்க இது ஒன்று போதும். பிரேமுக்குப் பிரேம் வடிவம் மாறுவதால் போன ஊரில் கிடைக்காது என்று ஒவ்வொரு சைக்கிளுக்கும் உரிய உதிரியைத் தேடி வரவழைத்துப் பெட்டியில் ஒட்டி வைத்தீர்கள். பயணத்தில் டிரெய்லரையே கழற்றிப் பஞ்சில் சுற்றிப் பிரேமுக்குள் கட்டியதால் அந்த உதிரிகள் தேவைப்படவில்லை. டயருக்குக் காற்றேற்றும் 16 கிராம் சி.ஓ.2 குப்பிகளைச் சென்னையில் வாங்காதீர்கள், விமான நிலையச் சோதனையில் பெரும்பாலும் எடுத்து வைத்துவிடுவார்கள், கோவாவில் வாங்குங்கள் என்றதும் சரியாகப் போயிற்று. (டயரில் காற்று இருந்தால் விமானத்தில் வெடிக்கும் என்பது கட்டுக்கதை. ஆனாலும் கவுண்டரில் நின்று வாதாட யாருக்கு நேரம்? இறக்கிவிட்டோம்.)

ஈ.சி.ஆர். பஞ்சர் கடைக்காரர்களை மறக்க முடியாது. சாலை ஓரத்தில் சிதறிக் கிடக்கும் லாரி டயர் கம்பி முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். டியூபை மட்டும் மாற்றினால் அடுத்த ஐந்து கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். டயரின் உள்பக்கம் துணியை ஓட்டிப் பார்த்தால் கம்பி இருக்கிற இடத்தில் நூல் சிக்கும். எங்கள் ஒல்லி வால்வுக்கு உங்கள் கம்ப்ரசர் பொருந்தாது என்பதால் பித்தளை அடாப்டரை ஆணியில் மாட்டியே வைத்திருந்தீர்களே, அதற்குத் தனி வணக்கம்.

வீட்டுச் சமையலறைகளுக்கு வருவோம். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். போதும் என்று நினைப்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அறுபது கிராமுக்கு நாலரை லிட்டர் குடிக்க வேண்டும். அம்மாக்கள் தந்த விடை பானகம். 750 மி.லி. தண்ணீரில் வெல்லம் 65 கிராம், உப்பு கால் டீஸ்பூன், எலுமிச்சை, சுக்கு. உப்பிலிருந்து சோடியம் ஏறக்குறைய 600 மில்லிகிராம் கிடைக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. வியர்வையில் போகும் சோடியத்தை ஈடுகட்ட அது போதாது. மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டாவிட்டால் வெல்ல மண்டி பாட்டில் வாயை அடைத்துவிடும். பந்தயத்துக்கு இரண்டு மணி நேரச் சரக்கை ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கரைத்து, தண்ணீரை உதவி மையங்களில் வாங்கிக்கொள்ளும் உத்தியும் உங்களுடையதே. கடைசி ஒன்றரை நாள் கீரையும் சுண்டலும் பருப்பும் நிறுத்தி, குழைந்த சோறும் தெளிந்த ரசமும் என்று எங்களுக்காக வீடே பத்தியம் இருந்தது.

கோவாத் தன்னார்வலர்களே, நீங்கள் செய்ததைத் தரையில் நிற்பவர்கள் எளிதென்று நினைப்பார்கள். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வருகிற சைக்கிள் ஒரு விநாடியில் ஏழு மீட்டர் போய்விடும். பாட்டிலின் கழுத்தை விரல்நுனியில் தளர்வாகப் பிடித்து, கையை முழுதும் நீட்டி, கூடவே நாலடி ஓடி, கை பட்டதும் விட வேண்டும். இறுகப் பிடித்தால் பாட்டில் சிதறும், ஓட்டுபவர் விழுவார். “பானி, பானி” என்ற உங்கள் குரலை வைத்தே தண்ணீர் யாரிடம், எலக்ட்ரோலைட் யாரிடம் என்று பிரித்தோம். குறித்த எல்லை தாண்டி வீசப்பட்ட ஜெல் உறைகளையும் குனிந்து பொறுக்கினீர்கள். அப்படி வீசுவது விதிமீறல். எங்களில் யாராவது வீசியிருந்தால் மன்னியுங்கள்.

நீச்சலில் கயாக் ஓட்டியவர்களுக்கு நன்றி. பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், முன்னே நகரக் கூடாது என்ற விதியைப் பதற்றத்தில் இருந்தவர்களுக்குப் பொறுமையாகச் சொன்னீர்கள். முன்னே போகும் சைக்கிளின் காற்றுமறைவில் ஒட்டிக்கொள்ளாதபடி 12 மீட்டர் இடைவெளியைக் கண்காணித்த நடுவர்களுக்கும் நன்றி, அட்டை வாங்கி ஐந்து நிமிடம் நின்றவரின் சார்பிலும் சேர்த்து.

முடிவுக் கோட்டில் இருவர் இருவராக நின்று தோளைப் பிடித்தீர்களே, அது மரியாதைக்காக மட்டும் இல்லை. பல மணி நேரம் ஓடிய கால் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலை சுற்றி விழ வைக்கும். அதனால் உட்கார விடாமல் நடக்க வைத்தீர்கள். மருத்துவக் கூடாரத்தில் ‘டிரிப் போடுங்கள்’ என்று கெஞ்சியவர்களிடம், தண்ணீர் குறைந்ததா அல்லது அளவுக்கு மீறிக் குடித்துச் சோடியம் இறங்கியதா என்று தெரியாமல் ஏற்ற மாட்டோம் என்று மறுத்த டாக்டர்களுக்கும், ஐஸ் வாளி சுமந்த செவிலியர்களுக்கும் எங்கள் வணக்கம். ஞாயிறு காலையில் சாலையை எங்களுக்கு விட்டுக்கொடுத்துச் சுற்றுவழியில் போன பணஜி மக்களுக்கும், சந்திப்புகளில் வெயிலில் நின்ற போலீசாருக்கும் எவ்வளவு சொன்னாலும் போதாது.

இரவல் வாங்கிய சைக்கிள் பெட்டிகள் வரும் ஞாயிறு காலை கடைக்கு வந்து சேரும். ஒன்றின் உருளை உடைந்திருக்கிறது, மாற்றிவிட்டே தருகிறோம். டார்க் ரெஞ்சும் அதே பெட்டியில் இருக்கிறது.

நன்றியுடன்,
சென்னையிலிருந்து போய் வந்த ஆறு பேர்