சேலம் மாவட்ட சுகாதார அலுவலருக்கு, அம்மாப்பேட்டையிலிருந்து

ஐயா, வணக்கம்.

என் அம்மாவுக்குச் சிக்குன்குனியா வந்து ஒன்பது மாதம் ஆகிறது. காய்ச்சல் ஐந்தே நாளில் இறங்கிவிட்டது. வலி இன்னும் போகவில்லை.

முப்பது வருஷமாகக் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்பவர் அவர். இப்போது காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை. அரை மணி நேரம் வெந்நீரில் கையை வைத்திருந்த பிறகுதான் டம்ளரைப் பிடிக்கிறார். பாவில் ஓர் இழை அறுந்தால் இரண்டு விரலால் திரித்து முடிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. இன்று அதற்கு என்னைக் கூப்பிடுகிறார். குழிக்குள் மிதியை அழுத்தினால் சாயங்காலத்துக்குள் கணுக்கால் வீங்கிவிடுகிறது.

இந்த நோய் 1952-ல் தான்சானியாவில் கண்டறியப்பட்டது. பெயர் அங்குள்ள மகோண்டே மொழிச் சொல். உடம்பு வளைந்து முடங்குவதைச் சொல்வது. அந்த மக்கள் காய்ச்சலை வைத்துப் பெயரிடவில்லை, முடக்கத்தை வைத்துத்தான் பெயரிட்டார்கள். நாம் மட்டும் காய்ச்சலோடு கணக்கை முடித்துவிடுகிறோம்.

பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட இழுக்கும், வயதானவர்களுக்கு அதிகம். கேட்க ஆளில்லாதபோது அவர்கள் எங்கே போவார்கள்? அம்மா ஓரிடத்தில் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு நாள் வலியே இல்லை. அப்புறம் சர்க்கரை ஏறியது. அது ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். இன்று பெரியவர் வாசல் வரை நடக்கிறார். அதே கவனிப்பைச் சிக்குன்குனியா வந்தவர்களுக்கும் கொடுங்கள். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் பெண்களுக்கும் விரல்தான் பிழைப்பு. வீங்கிய முட்டியோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரச் சொல்வது நியாயமில்லை.

பரிசோதனையில் உறுதியானவர்களின் முகவரி உங்களிடம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து ஒருமுறை அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். "காலையில் விரல் மடங்குகிறதா?" என்று கேட்டால் போதும். இல்லை என்பவர்களை மூட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். முடக்குவாதமும் இதே மாதிரிதான் ஆரம்பிக்கும், பிரித்துப் பார்க்க வேண்டியது அவர்தான்.

எங்கள் தெருவில் மட்டும் ஆறு பேர் இருக்கிறார்கள். பெயரும் கதவு எண்ணும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வரும் அன்றே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளியின் மகள்