ஒப்பந்தத்தில் விட்டுப்போன ஒன்பது பேர்: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வெளியுறவு அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். என்ரிகா லெக்சி வழக்கை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால், என்ரிகா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் செயின்ட் ஆன்டணி என்ற மீன்பிடிப் படகைச் சுட்டு இரண்டு மீனவர்களைக் கொன்றதிலிருந்து, 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது வரை எல்லாக் கோப்புகளும் உங்களிடமே இருக்கின்றன. அந்தக் கோப்புகளில் விட்டுப்போனவர்களுக்காக, அந்தப் படகில் இருந்து உயிர் தப்பிய ஒன்பது மீனவர்களுக்காக எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். கடலில் நம் மீனவர்களுக்குக் கேடு நேர்ந்து, அதற்காக இன்னொரு நாட்டோடு பேச உட்காரும் முன், படகில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஹேக் நடுவர் தீர்ப்பாயம் 2020ல் சொன்ன முடிவு அவர்களுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. இத்தாலியக் கடற்படை வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது என்று சொன்ன அதே தீர்ப்பு, உயிரிழப்புக்கும் படகின் சேதத்துக்கும் மட்டுமல்ல, படகின் தலைவரும் மற்ற தொழிலாளிகளும் பட்ட மனத்துன்பத்துக்கும் இத்தாலி ஈடு தர வேண்டும் என்றது. ‘மற்ற தொழிலாளிகள்’ என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தது. அப்புறம் நடந்தது என்ன? 10 கோடி ரூபாய் பேசி முடிக்கப்பட்டது. இறந்த இருவரின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. பணம் அதோடு தீர்ந்தது. குண்டுக்குத் தப்பிக் கரை வந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படவில்லை.

அவர்களே உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. வலை இழுத்துப் பிழைக்கிற மனிதர்கள் டெல்லியில் வக்கீல் வைத்து, “நாங்களும் அந்தப் படகில் இருந்தோம்” என்று மனுப் போட்டார்கள். 2022 நவம்பரில் ஒன்பது பேருக்குத் தலா 5 லட்சம் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பணமும் உரிமையாளருக்கென்று வைத்த 2 கோடியிலிருந்து எடுத்ததுதான். இத்தாலியிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டிய பங்கு, பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே பிரித்துக்கொள்கிற சண்டையாகிப் போனது. இது யார் செய்த பிழை என்று உங்களுக்குத் தெரியும்.

அன்று படகில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளை. அந்த வயதில் அவன் தொழிலுக்குப் போயிருக்கக் கூடாது, சரி. ஆனால் போனான், கண்ணெதிரே இருவர் சுடப்பட்டுச் சாவதைப் பார்த்தான். அந்த அதிர்ச்சியிலிருந்து அவன் மீளவேயில்லை என்று வீட்டார் சொன்னார்கள். 2019ல் உயிரை மாய்த்துக்கொண்டான். சுக்கானைப் பிடித்திருந்தவர் சரிந்த அந்த மாலையிலிருந்து அவன் போன நாள் வரை ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் இந்தியாவும் இத்தாலியும் எத்தனை தடவை பேசியிருக்கும்! கைதான வீரர்கள் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போய் வந்தார்கள், ஓட்டுப் போடவும் போய் வந்தார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை. தன் ஆட்களுக்காக ஒரு நாடு எப்படி நிற்க வேண்டுமோ அப்படி இத்தாலி நின்றது. அந்தப் பையனுக்கு ஒரு மனநல மருத்துவரை அனுப்ப வேண்டும் என்று நம் பக்கத்தில் யாருக்குத் தோன்றியது?

இன்னொன்றும் இருக்கிறது. இத்தாலியிலேயே விசாரிப்போம் என்ற உறுதியை நம்பித்தான் இங்கே வழக்கை விட்டோம். 2022 ஜனவரி இறுதியில், விசாரணை மேடைக்கே வராமல், போதிய சான்றில்லை என்று ரோம் நீதிமன்றம் வழக்கை மூடிவிட்டது. நாம் எந்தச் சான்றுகளை அனுப்பினோம்? உயிரோடிருந்த சாட்சிகளைக் கேட்டார்களா? மூடியதற்கு நாம் எதிர்ப்புத் தெரிவித்தோமா? இதற்கெல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அந்தக் குடும்பங்களுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.

கோபத்தில் எழுதுகிறேன், மறைக்கவில்லை. தூத்தூர், இரயுமன்துறை, வள்ளவிளை என்று எங்கள் கரையூர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆபத்து ஒரு பக்கமிருந்து மட்டும் வருவதில்லை. 2017ல் ஒக்கி புயல் வந்தபோது தேடும் கப்பலுக்காகச் சாலையில் உட்கார்ந்து போராடினோம். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து போன விசைப்படகைக் கப்பல் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போனது. 2020ல் ஈரானில் மாட்டிக்கொண்ட நம் ஆட்கள் மாதக்கணக்கில் காத்திருந்து ஊர் திரும்பினார்கள். ஒவ்வொரு தடவையும் உங்களிடம் மனு கொடுத்துக் கொடுத்துத்தான் காரியம் நடக்கிறது. மீனவன் கடலில் கால் வைத்ததும் குடிமகன் இல்லாமல் போய்விடுகிறானா?

வருத்தம் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைத் திரும்பக் கேட்கிறேன். கடலில் இப்படி ஒன்று நடந்தால் படகிலிருந்த அத்தனை பேரின் வாக்குமூலமும் முதல் வாரமே உங்கள் கைக்கு வரட்டும். இழப்பீட்டுப் பேச்சில் அவர்கள் சார்பில் ஒருவர் உட்காரட்டும். அவர்களுக்குச் சொல்லாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதை நடைமுறை விதியாக எழுதி, கடலோர மாநிலங்களின் மீன்வளத் துறைகளுக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ரோம் வழக்கு பற்றிய பதிலை முதலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குமரி மேற்குக் கரையைச் சேர்ந்த ஒரு மீனவக் குடும்பத்தவன்