வீட்டு முத்தத்துக்கு வாட்டம் எந்தப் பக்கம்?

ஆசிரியருக்கு,

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீடு திருத்துற ஆக்கள் இப்ப முத்தம் முழுக்க இன்டர்லொக் கல்லுப் பதிக்கினம், பார்க்க வடிவாத்தான் இருக்கு, ஆனா வாட்டம், அதுதான் மழைத்தண்ணி வழிஞ்சோடுற சரிவு, எந்தப் பக்கம் எண்டு மேசன் பாஸிட்ட ஒருத்தரும் கேக்கிறேல்ல. ஒக்டோபர் நவம்பரில கொழும்பு மழை எப்பிடிக் கொட்டும் எண்டு தெரியாததே!

சுவரில இருந்து முதல் 10 அடிக்குள்ள மண் 6 அங்குலமாவது இறங்கிப் போகோணும், கல்லு, கொங்கிரீட் எண்டா நூற்றுக்கு 2 பங்கு சரிவு காணும். எங்கட துண்டு வளவுகளில 10 அடிக்கு எங்க போறது, அதுக்குள்ள மதில் வந்திரும், அப்ப மதிலோரமாக் கான் வெட்டி தெருக் கானுக்கு விடுறதுதான் வழி. பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுறதெல்லாம் சண்டைக்குத்தான்.

இன்னொண்டு, முத்தத்தை உயர்த்திறம் எண்டு டிபிசியையும் (நில ஈரம் சுவரில ஏறாம அத்திவாரத்துக்கு மேல போடுற தடுப்புப் படை) மூடி மண் நிரப்பினா ஈரம் அதுக்கு மேலால சுவரில ஏறும், பிறகு எத்தினை தரம் பெயின்ட் அடிச்சாலும் உரியும். பீலிக் குழாயையும் அத்திவாரத்தடியில கொண்டந்து விடாதேங்கோ.

ரோட்டுக்குக் கார்ப்பட் போடுற ஆக்களுக்கும் ஒரு சொல்லு: பழைய படையைச் சுரண்டாம மேல மேல போட்டா ரோடு உயர்ந்து, தண்ணி எங்கட கேற்றுக்குள்ளதான் வரும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்