கானாவூர்க் கல்யாணத்தில் அந்த அம்மாவை ஓரமாக நிற்கச் சொன்னார்களா?

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவைப் பெரியவர்களுக்கும், மாதா சபைத் தாய்மார்களுக்கும், தோத்திரம்.

தை மாதக் கடைசியில் நம் கோயிலில் என் அக்கா மகளுக்கு நடந்த கல்யாணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் முன்வரிசையில் இருந்தீர்கள். மீதிப் பேர் பந்தியில் இருந்தீர்கள். எனவே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. தாலித் தட்டு வந்த அந்த ஒரு நிமிடத்தை மட்டும் எழுதுகிறேன். பார்த்தவர்கள் ஏராளம், பார்த்தேன் என்று சொல்ல இதுவரை ஓர் ஆள் கிடைக்கவில்லை.

பித்தளைத் தட்டில் அரிசி, அதன்மேல் தேங்காய், தேங்காயைச் சுற்றி மஞ்சள் சரடில் சிலுவைத் தாலி. பங்குச் சாமி மந்திரித்துக் கொடுத்ததும் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டு இறங்கி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா தொட்டார்கள். நான் தாய்மாமன், தொட்டேன். எனக்கு அடுத்து நின்ற அக்கா கையை நீட்டினாள். தட்டு ஒரு முழம் மேலே போயிற்று. "நீ மனசுக்குள்ள வேண்டிக்கம்மா" என்று மெதுவாக ஒரு குரல். தட்டு அவள் தலைக்கு மேலாகவே அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டாள். சரியாக இருந்த முந்தானை அது.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நம் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது உங்களுக்கு மறந்திருக்காது. சாய்ந்த மரத்தை அறுக்கப் போன இடத்தில் அடிமரம் உருண்டு அக்காவின் கணவர், எங்கள் மாமா, இறந்துபோனார். அப்போது பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஏழு. அன்றிலிருந்து அக்கா முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். கொட்டைத் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைக் குழைத்துத் தடவிக்கொண்டுதான் உட்காருவாள், அப்படியும் விரல் நுனியெல்லாம் கருத்து, ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் அவள் விரலை மூன்று நான்கு தடவை வைத்தால்தான் ஏற்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "தட்டத் தொடும்போது நல்லாருக்க வேணாமா?" என்றாள். மண்டபம், பந்தி, பாட்டுக்குழு, கோயில் கட்டணம் எல்லாம் அந்தக் கையிலிருந்துதான் வந்தன. அப்போது யாரும் தட்டைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

பூசை முடிந்து, குரு உடுப்பு மாற்றும் சக்கிறீஸ்து அறைக்குள் வந்து கேட்டேன். "இது ஊர் வழக்கம், கோயில் சட்டம் இல்ல. நான் தலையிட்டா பங்குல பிரச்சினை வரும்" என்று சொன்னீர்கள் ஃபாதர். உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் பீடத்துக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவில், நீங்கள் மந்திரித்த தாலியை வைத்து நடந்த காரியம் எப்படி ஊர் வழக்கம் ஆகும்? ஊர் வழக்கம் என்றால் தெருவில் நடக்கட்டும். அதைத் தெருவில் வைத்துச் சண்டை போட எங்களுக்குத் தெரியும்.

ஆகவே என் முக்கியக் கோரிக்கை இதுதான். கணவனை இழந்த தாய் தன் பிள்ளையின் தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்கலாம், தட்டையும் ஏந்தலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை அறிவிப்பில், பீடத்திலிருந்து, உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

அன்று வாசித்த நற்செய்தி கானாவூர்க் கல்யாணம். இயேசுவின் தாய் அங்கே இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். அந்தத் தாயின் கணவர் சூசையப்பர் பெயரே அதில் இல்லை. அதற்குள் அவர் இறந்துவிட்டார் என்றுதான் நாம் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். இயேசுவும் மரியாளும் பக்கத்தில் இருக்க உயிர் விட்டவர் என்றுதானே நல்ல மரணத்துக்கு அவரை வேண்டிக்கொள்கிறோம்? அப்படியானால் அந்தக் கல்யாண வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்ததை முதலில் கவனித்ததும், பணியாளர்களைக் கூப்பிட்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள் என்று சொன்னதும் ஒரு கைம்பெண். "நீ ஓரமா நில்லும்மா" என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால் அந்த வீட்டு மானம் அன்றைக்குப் போயிருக்கும். மாதா சபைத் தாய்மார்களே, உங்கள் சபை அந்தக் கைம்பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது.

கடவுள் கட்டளையைக் கைவிட்டு மனித மரபைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று மாற்கு 7இல் இயேசு கடிந்துகொள்வது வெளியாட்களை அல்ல, வேதம் கரைத்துக் குடித்தவர்களை. அங்கே அவர் காட்டும் உதாரணமும் தாய் தகப்பன் காரியம்தான். பெற்றவர்களுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திவிடுகிறீர்களே என்கிறார். நாம் 'வழக்கம்' என்று சொல்லி நிறுத்துகிறோம். சகுனம் பார்ப்பது முதல் கட்டளைக்கு எதிரான பாவம் என்று உபதேசியார் புதுநன்மைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். ஒரு பெண் கைபட்டால் தாலிக்கு ஆகாது என்பது சகுனம் இல்லாமல் வேறென்ன?

திருச்சபைச் சட்டம் 1108 கல்யாணத்துக்குக் கேட்பது குருவையும் இரண்டு சாட்சிகளையும். சாட்சி சுமங்கலியா என்று அது கேட்கவில்லை. கணவன் இறந்தால் மனைவி அந்தக் கட்டிலிருந்து விடுபட்டவள் என்று உரோமையர் 7இல் பவுல் எழுதுகிறார். விடுபட்டவள் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆகாதவள் என்று இல்லை.

இதெல்லாம் ஏதோ புதுசாகக் கிளம்பிய பேச்சு என்று பேரவையில் ஒருவர் சொன்னாராம். ஐயா, நம் புதுச்சேரியிலேயே இந்த வழக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல் பழையது. பாப்பரசரின் தூதராக 1703 நவம்பரில் வந்திறங்கிய தூர்னோன், 1704இல் அங்கிருந்தே ஆணை போட்டார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது, வீட்டு விலக்கான பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் தடுக்கக் கூடாது, தாழ்த்தப்பட்டவர் வீட்டில் நோயாளி இருந்தால் குரு அந்த வீட்டுக்கே போக வேண்டும். ஊர்ச் சடங்குகளில் எது ஆகும், எது ஆகாது என்ற அந்தச் சர்ச்சையை 1744இல் 14ஆம் பெனடிக்ட் பாப்பரசர் முடித்து வைத்தார். எட்டே மாதம் தங்கிய, தமிழ் தெரியாத தூதர் சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. சில இடங்களில் அவருக்கு நம் ஊர் புரியவே இல்லை என்பது என் எண்ணம். ஆனால் பிள்ளையாரை எடுத்துவிட்டுச் சிலுவையை வைக்கத் தெரிந்த நமக்கு, தாலியோடு ஒட்டிக்கொண்டிருந்த பயத்தை எடுக்கத் தெரியவில்லையே.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். தலைக்கட்டு வரி நோட்டில் அக்கா பெயருக்கு நேரே முழு வரி. தேர்த் திருவிழாவுக்கு முழு வரி. கோபுரத்துக்கு வர்ணம் அடித்தபோதும் முழு வரி. வாங்கும்போது முழு ஆள், வாழ்த்தும்போது மட்டும் அரை ஆள் ஆகிவிடுகிறாளே, அது எந்தக் கணக்கு? அவள் தொட்ட ரூபாய்த் தாளைக் காணிக்கைப் பையில் போடுவதற்கு முன்பும் யாராவது தூக்கிப் பிடித்தால் நன்றாக இருக்கும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும். எனக்கும் இதில் பங்கு உண்டு. அந்த மரபு எனக்கு மாலையும் மோதிரமும் முதல் தொடுகையும் கொடுத்தது, நானும் வாங்கிக்கொண்டேன். அவளுக்கு முன்னால் என் கை போனபோதே அதை நிறுத்தி, "முதல்ல அக்கா" என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. அக்கா என்னையும் ஒன்றும் கேட்கவில்லை. திருநீற்றுப் புதன் அன்று எல்லோரையும்போல வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

உங்கள்மேல் மரியாதையோடுதான் திரும்பவும் கேட்கிறேன். பேரவையின் கல்யாண வழிமுறைத் தாளில் 'தட்டு ஏந்த இரு சுமங்கலிகள்' என்றிருக்கும் வரியை அடித்துவிடுங்கள். கணவனை இழந்த தாய் தாலியைத் தொடலாம் என்று பீடத்திலிருந்து அறிவியுங்கள். தவக்காலம் முடிந்ததும் நம் பங்கில் கல்யாணங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் இரண்டு வீடுகளில் அப்பா இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சின்னவளுக்கும் இடம் அமைந்திருக்கிறது. வைகாசியில் ஓலை வாசிக்க, அதாவது கல்யாணத்துக்கு முன் கோயிலில் அறிவிக்க, எழுதிக் கொடுக்க வருவோம். முதல் ஓலைக்கு முன்னால் உங்கள் பதில் தெரிந்தால் தயவாக இருக்கும். இந்தத் தடவை தட்டை ஏந்தப்போவது அக்காதான் என்று சின்னவள் இப்போதே சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருவன்,
பண்ருட்டிப் பக்கம், கடலூர் மாவட்டம்