தோட்ட நிர்வாகங்களுக்கு: ஆளுக்கு இன்னொரு ஜோடி பூட்ஸ் கொடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட நிர்வாகிகளுக்கும், அவர்களோடு பேச்சு நடத்தும் தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

என் அம்மா 22 வருடமாகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும்போது மாட்டுகிற ரப்பர் பூட்ஸை வேலை முடிந்துதான் கழற்றுவார். பனி ஈரம், மழைத்தண்ணீர், வியர்வை எல்லாம் உள்ளேயே தேங்கும். ராத்திரிக்குள் அது காயாது. மறுநாளும் அதே ஈரத்துக்குள்தான் கால். எங்கள் தோட்டத்தில் வருடத்துக்கு ஒரு ஜோடிதான் கணக்கு.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் கட்டைவிரல் நகத்தின் ஓரம் மஞ்சளானது. பிறகு நகம் தடித்தது, நுனி மாவுபோல் உதிர்ந்தது. வலி இல்லாததால் வீட்டில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அம்மா மருதாணி அரைத்துக் கட்டினார், மஞ்சள் பூசினார். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில், செருப்பைக் கழற்றியதும் சேலைக் கரையை இழுத்துவிட்டு விரலை மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் நின்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதற்கு நகச்சொத்தை என்று பெயர். சுத்தமாக இருப்பவர்களுக்கும் வரும். பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்ற பூஞ்சைதான் காரணம். விரலிடுக்கில் சேற்றுப்புண் உண்டாக்குவதும் இதே பூஞ்சைதான். சேற்றுப்புண்ணை அப்படியே விட்டால் அது நகத்துக்குள் ஏறிவிடும். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே நகவெட்டிதான் இருந்தது. இப்போது அம்மாவுக்குத் தனி.

அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் நகத்தைக் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். இப்படித் தடித்துக் கெட்டுப்போன நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையாம். அடிபட்டாலும், சொரியாசிஸ் இருந்தாலும் நகம் இப்படி ஆகும். அதனால் பார்த்த மாத்திரத்தில் கடையில் மருந்து வாங்கிப் போடாதீர்கள். சாதாரண களிம்பு தடித்த நகத்துக்குள் இறங்காது. நகத்தில் பூசும் மருந்து, நோய் லேசாக இருந்தால் உதவும். அம்மாவுக்கு முதலில் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பிறகு டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, 12 வாரம். கால் நகம் மாதத்துக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் வளரும். மாத்திரை முடிந்தாலும் முழுதாக நல்ல நகம் வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். நிறைய பேர் "மருந்து கேட்கவில்லை" என்று கைவிடுவது இந்த இடைவெளியில்தான்.

அம்மாவுக்கு இனிப்பு நீரும் இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 5 பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். உணர்ச்சி குறைந்த காலில் தடித்த நகம் குத்திப் புண்ணானால் தெரியாது. வெடித்த தோல் வழியாகக் கிருமி இறங்கினால் கால் வீங்கும், சீழ் வைக்கும், விரலை எடுக்கும் நிலைகூட வரலாம். நீங்கள் "வெறும் நகம்தானே" என்று சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாத்திரை சாப்பிட்டுக் குணமான கால் மறுபடி ஈரப் பூட்ஸுக்குள் போனால், நோய் திரும்ப வர அதிக நாள் ஆகாது. ஒன்று காயும்போது இன்னொன்றைப் போட ஆளுக்கு 2 ஜோடி வேண்டும். பருத்திக் காலுறை வேண்டும். பெரட்டுத் திடல் பக்கத்தில் கூரை போட்ட, காற்றோட்டமான காயவைக்கும் தாங்கி வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் பழைய பூட்ஸைப் புதிதாக வரும் வங்காளதேசத் தம்பிக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள். அவருக்கும் அதே கால்தானே.

இன்னொன்று. கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்) தான். ஆனால் எங்கள் தோட்டத்தில் அங்கே போன நாளுக்குச் சம்பளம் இல்லை. அந்தப் பயத்தில்தான் அம்மா ஒரு வருடம் தள்ளிப்போட்டார். சங்கப் பொறுப்பாளர்களே, அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதைக் கேளுங்கள்.

நிர்வாகிகளே, அடுத்த முறை பூட்ஸுக்கு ஆர்டர் எழுதும்போது, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் 1 என்று இருக்கும் இடத்தில் 2 என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்