மாதிரிக் கார்களைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் பந்தயக் கார் மாதிரிகளைச் சேகரிப்பது பற்றி வந்த கட்டுரை நன்று. ஆனால் வாங்கிய பெட்டியைத் திறக்காமலே வைத்தால் கார் புதிதாகவே இருக்கும் என்ற யோசனை கொழும்புக்குச் சரிவராது.

முதலில் கெடுவது டயர். 1:18, 1:43 அளவு (அசல் காரில் பதினெட்டில் ஒன்று, நாற்பத்து மூன்றில் ஒன்று) மாதிரிகள் பலவற்றில் டயர் மென்மையான பீ.வீ.சீ.யால் ஆனது. அதை மிருதுவாக்கச் சேர்த்த பதார்த்தம் நாளடைவில் கசியும். வெக்கையில் இன்னும் வேகமாக. காரை நிறுத்தியிருக்கும் பீடம் பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக் என்றால் அது இளகி, டயர் அதில் ஒட்டிப்போகும். பிறகு இழுத்தெடுத்தால் பீடத்தில் பள்ளம், டயரில் தழும்பு. காரைப் பீடத்தோடு பிணைக்கும் ஸ்குரூவைக் கழற்றி, நடுவே வாஷர் போட்டு, டயர் ஒரு மில்லிமீற்றராவது பீடத்தைத் தொடாமல் நிற்கும்படி பூட்டுங்கள். ஸ்குரூ நீளம் போதாவிட்டால் டயருக்கடியில் அலுமினியத் தாள் துண்டு வைக்கலாம். ஏற்கனவே பிசுபிசுத்த டயரை, பாத்திரம் கழுவும் திரவம் இரு துளி விட்ட இளஞ்சூட்டு நீரால் துடைத்தால் போதும். தின்னர் கிட்டவும் வேண்டாம், பூச்சும் ஸ்டிக்கரும் போய்விடும்.

உலோக உடலின் நோய் வேறு. துத்தநாகக் கலப்பில் வார்க்கும்போது சிறிதளவு ஈயம் சேர்ந்துவிட்டாலே உலோகம் உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். பூச்சில் கொப்புளம், கதவு இறுகுதல், பின் மயிரிழை வெடிப்பு என்று போகும். மருந்து கிடையாது. பக்கத்துக் காருக்குத் தொற்றாது என்பது ஒன்றே ஆறுதல். ஈரப்பதனும் வெப்பமும் அதைத் துரிதப்படுத்தும், இரண்டுக்கும் இங்கே பஞ்சமில்லை.

ஆகவே கண்ணாடி அலுமாரிக்குள் ஈரப்பதனை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். மலிவான ஈரப்பதன்மானிகளை அப்படியே நம்ப முடியாது. போத்தல் மூடியில் உப்பை நீர்விட்டுக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓரிரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கழித்துப் படியுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் செம்மஞ்சள் மணி வாங்குவது நல்லது. அது பச்சையானதும் 120 பாகை சூட்டில் ஓவன் அடுப்பில் இரண்டு மணித்தியாலம் காயவைத்தால் திரும்பப் பாவிக்கலாம். கதவு இடுக்கை ரப்பர் பட்டியால் அடைக்காமல் ஜெல் வைப்பது வீண். வெள்ளவத்தைக் கடற்காற்று முழுவதையும் அது குடிக்க வேண்டிவரும்.

இன்னொன்று. 1970இல் பிரான்சின் லு மான் 24 மணிநேரக் கார்ப் பந்தயத்தில் வென்றது கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் நீல, செம்மஞ்சள் நிற போர்ஷே 917 என்று அக்கட்டுரையின் படக்குறிப்பு சொல்கிறது. வென்றது சிவப்பு வெள்ளை நிறத்து 23ஆம் இலக்கக் கார். ஓட்டியவர்கள் ஹான்ஸ் ஹெர்மன், ரிச்சர்ட் அட்வுட். கல்ஃப் 917 லு மானில் ஒருமுறையும் வென்றதில்லை. அந்த நீலமும் செம்மஞ்சளும் 1968, 1969 இரண்டிலும் வென்றது ஃபோர்ட் ஜீ.டீ.40இல், அதுவும் 1075 என்ற சட்டக இலக்கம் கொண்ட ஒரே காரில். 1969இல் அந்த ஃபோர்டை ஓட்டிய ஜக்கி இக்ஸிடம் நூறு மீற்றரை ஒட்டிய தூரத்தில் தோற்றவர் இதே ஹெர்மன்தான். எனவே கல்ஃப் 917 மாதிரியை 'லு மான் வெற்றிக் கார்' என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள். அழகுக்காக வாங்குவதென்றால் அது வேறு கதை.

இப்படிக்கு,
மாதிரிக் கார் சேகரிப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.